துப்பாக்கி அலுமாரிக்குள் இருந்த நகை

எங்கள் வீட்டின் மேல்மாடியில், உடுப்புக் காயப்போடும் சின்ன அறையில், சுவரோடு போல்ட் போட்டு இறுக்கிய ஓர் இரும்பு அலுமாரி இருக்கிறது. ஒடுக்கமானது, ஏறக்குறைய என் உயரம். உள்ளே மேற்பக்கத்தில் ஒரு சின்ன உள்பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு. துப்பாக்கி வைப்பதற்கென்றே செய்து விற்கிற அலுமாரி அது. இலண்டனில் ஒரு தமிழ் வீட்டில் இது ஏன் இருக்கிறது என்று கேட்டவர்கள் யாருக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. எனக்குப் பேச வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

நான் தென் இலண்டனில், சட்டன் என்ற இடத்தில், ஒரு பெற்றோல் நிலையத்தில் கவுண்டரில் நிற்பவன். காலையில் பாலும் பத்திரிகையும் வாங்க ஒரு வயதான வெள்ளைக்காரர் வருவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் போனைப் பார்த்தபடி கார்டைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் நின்று மழையைப் பற்றியோ கவுன்சிலைப் பற்றியோ ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவார். நான் சிரிப்பேன். ஒருநாள் அவர் சொன்னார்: "நீ வாய் திறக்காத ஆள். உனக்கென்றே செய்தது போல ஓர் இடம் எனக்குத் தெரியும்."

அது ஒரு துப்பாக்கி சுடும் கிளப். அவர் அதன் செயலாளர். புதியவர்கள் வந்து கிளப் துப்பாக்கியால் சுட்டுப் பார்க்கலாம், லைசென்ஸ் தேவையில்லை என்று ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். நான் போனதற்குப் பெரிய காரணம் இல்லை. வரமாட்டேன் என்று சொல்வதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று தோன்றியது. போய்விட்டேன்.

ரயில் பாதைக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவில் நீளமான செங்கல் கொட்டகை. ஒரு முனையில் பாய்கள், மறுமுனையில் மணலும் இரும்புத் தகடும். பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, தூரத்தில் ஒரு அட்டையில் அச்சடித்திருக்கும் சின்ன வட்டங்களைச் சுட வேண்டும். காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டால் பிறகு யாரும் யாரோடும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது அங்கே ஒழுங்கு. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முந்திய சின்ன இடைவெளியில் விரலை அழுத்த வேண்டும். காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம் வரும். முடிந்ததும் தேநீர், தகர டப்பாவில் பிஸ்கட்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். அந்தக் காலத்தில் பல நிறச் சீருடைகளில் ஆட்கள் துப்பாக்கியோடு எங்கள் வீட்டு ஒழுங்கை வழியே போனார்கள். யாரும் யாரிடமும் லைசென்ஸ் வாங்கியதாக நினைவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலியோடு ஒதுங்கி நின்றோம். நான் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. முதன்முதலில் தொட்டது அந்தக் கொட்டகையில்தான். கனமாக இருந்தது, குளிராக இருந்தது. வேறொன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் போகத் தொடங்கினேன். தகுதிகாண் காலம் முடிந்து என்னை அங்கத்தவனாக எடுத்தார்கள். நான் சுட்ட அட்டைகளை எடுத்து வைத்து, செயலாளர் மற்றவர்களுக்குக் காட்டுவார். வேலையிலும் கோயிலிலும் நான் யாரும் கவனிக்காத ஆள். அங்கே நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். முதுகு நோவால் சுடுவதை நிறுத்திய ஓர் அங்கத்தவரின் துப்பாக்கி என் தோளுக்குச் சரியாகப் பொருந்தியது. அதை நான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிளப்பின் பாதுகாப்பு அறை கிளப் துப்பாக்கிகளுக்கே போதாது. ஆகவே சொந்தத் துப்பாக்கியை வீட்டில் வைக்க வேண்டும்.

அதற்கு லைசென்ஸ் எடுப்பது லேசல்ல. என்னைத் தெரிந்தவர்கள் சாட்சி சொன்னார்கள், டாக்டர் எழுதிக் கொடுத்தார், பொலிஸ் வந்து வீட்டைப் பார்த்தது. அலுமாரியைச் சுவரோடு இறுக்கியது கிளப்பில் உள்ள பிளம்பர். பொலிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு விடயம்: அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும் இருக்க வேண்டும். மனைவிக்குக்கூட அது எங்கே இருக்கிறதென்று தெரியக்கூடாது. அலுமாரிக்கு இரண்டு சோடித் திறப்புகள். ஒன்றை என் வேலைத் திறப்புக் கோர்வையில் போட்டேன். மற்றதை முன் அறையில் தொங்கும் மாதா படத்தின் பின்பக்க அட்டைக்குள் செருகினேன். வீட்டில் யாரும் கைவைக்காத இடம் என்று நினைத்தேன்.

மனைவி மன்னார்ப் பக்கம். துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று அவள் படிக்கட்டின் அடியில் நின்று பார்த்தாள். நான் மேலே போய்ப் பூட்டிவிட்டு வரும்வரை அங்கேயே நின்றாள். "பூட்டியாச்சோ?" என்றாள். "ஓம்" என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

அவளுடைய தமையன் கதைத்தார். ரெய்னர்ஸ் லேனில் இருப்பவர். அவருடைய பேத்தி தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த விருந்தில், ஆட்கள் நிறைந்த ஹோலில், கோழிக்காலைக் கடித்தபடி சொன்னார்:

"எட, இஞ்ச பாருங்கோ, எங்கட மச்சான் வாறார்! அங்க துவக்கைக் கண்டு ஓடி வந்து அகதி எண்டு எழுதிக் குடுத்தவர். இப்ப இஞ்ச துவக்குக்கு லைசென்ஸ் எடுத்து வைச்சிருக்கிறார். ஹோம் ஒபிசுக்குத் தெரிஞ்சால் கேஸைத் திருப்பித் திறப்பாங்கள், மச்சான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. "விடுங்கோ அண்ணை. அந்தாள் செவ்வாய்க்கிழமை ஒரு இடத்துக்குப் போய் வருது. குடிச்சிட்டோ வருது?" என்றாள். அவள் எனக்காகப் பேசியதில் எனக்கு ஒரு சந்தோஷம். அது போதும் என்று இருந்துவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருந்த தமிழ்க் குடும்பத்தில் களவு போனது. கலியாண வீட்டுக்குப் போய் வருவதற்குள் முழு நகையும் போய்விட்டது. கள்ளர் அரிசி வாளியைக் கொட்டிப் பார்த்திருக்கிறார்கள். பிரீசரில் மீன் பைகளுக்கு அடியில் கையை விட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் நகையை எங்கே வைப்பார்கள் என்று இலண்டன் கள்ளருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். முன்பு எங்கள் நகை வங்கி லொக்கரில் இருந்தது. வங்கி லொக்கர்களை மூடப் போவதாகச் சொல்லித் திருப்பித் தந்த நாளிலிருந்து மனைவி அதை வீட்டுக்குள் இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். களவு நடந்த கிழமை அவள் சரியாக நித்திரை கொள்ளவில்லை. பிறகு ஒருநாள், "இனிப் பயமில்லை, பத்திரமான ஒரு இடத்தில வைச்சிட்டன்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. நகை விடயத்தில் கேள்வி கேட்காத ஆண் நிம்மதியாக இருப்பான் என்பது எங்கள் பக்கத்து அனுபவம்.

வருடங்கள் போயின. லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் வந்தது. அதே சமயம் கிளப்பில் ஒரே கொந்தளிப்பு. அரசாங்கம் துப்பாக்கிச் சட்டங்களை இன்னும் இறுக்குகிறது என்ற பேச்சு. லைசென்ஸ் இல்லாமல் புதியவர்கள் சுட்டுப் பார்க்கும் மாலைகளை நிறுத்தப் போகிறார்களாம். நான் உள்ளே வந்த வழியே அதுதான். அதைவிட எல்லோரையும் சூடாக்கியது வேறொன்று. லைசென்ஸ் கேட்பவரின் வீட்டுக்கு வரும் அதிகாரி இனி மனைவியிடமோ கணவனிடமோ தனியாகக் கதைப்பாராம்.

தேநீர் மேசையைச் சுற்றி அன்று யாரும் ஒழுங்கைக் காப்பாற்றவில்லை.

"என் மனைவி நான் பாத்திரம் கழுவவில்லை என்று கோபத்தில் இருக்கிற நாளில் வந்தால் என் கதை முடிந்தது" என்றார் பிளம்பர்.

"உன் கதை கலியாண நாளிலேயே முடிந்தது" என்றார் இன்னொருவர்.

செயலாளர் சிரிக்கவில்லை. "பகிடி இல்லை. இந்த நகரத்தில் சுடுபட்டுச் சாகிறவர்கள் லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாலா சாகிறார்கள்? களவாக வருகிற துப்பாக்கியைப் பிடிக்க அவர்களுக்கு ஏலாது. எங்களைப் பிடிப்பது லேசு. எங்கள் பெயரும் விலாசமும் அவர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எங்கேயோ ஒருவன் செய்ததற்கு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறோம். ஒருநாள் இந்தக் கொட்டகையில் யாராவது தோட்டக்காரன் உரம் வைத்திருப்பான்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. எம்.பியைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். நூலகத்தில் அவர் மக்களைச் சந்திக்கும் ஒரு சனிக்கிழமைக்கு நேரம் எடுத்தார்கள். செயலாளரும் பிளம்பரும் போவது. மூன்றாவது ஆளாக என்னைப் பார்த்தார்கள்.

"நான் பேச மாட்டேனே" என்றேன்.

"அதனால்தான். நாங்கள் பேசினால் கிழட்டு வெள்ளைக்காரர் புலம்புவதாக நினைப்பார்கள். நீ இரண்டு வசனம் பேசினால் கேட்பார்கள்" என்றார் செயலாளர்.

சரியென்று தலையாட்டினேன்.

எம்.பியைப் பார்க்கும் நாளுக்கு முந்திய வாரம் புதுப்பிப்புக்கான அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயதுப் பெண். சீருடை இல்லை, மழைக்கோட்டு மட்டும். வாசலில் சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று அவராகவே கேட்டார். மனைவி காலையிலிருந்து ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தாள். பொலிஸ் வருவதென்றால் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது அவள் எண்ணம். லஞ்சம் மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதற்கு, "ரோல்ஸோ லஞ்சம்?" என்று கேட்டாள்.

அதிகாரி என்னிடம் வேலையைப் பற்றி, உடல்நலத்தைப் பற்றி, கிளப்பைப் பற்றிக் கேட்டார். பிறகு மனைவியோடு சமையலறையில் தனியாகக் கொஞ்சம் பேசலாமா என்றார். கதவு சாத்தப்பட்டது. நான் முன் அறையில் மாதா படத்துக்குக் கீழே இருந்தேன். சமையலறையிலிருந்து அதிகாரியின் தணிந்த குரல் வந்தது. பிறகு நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மனைவியின் குரல் கேட்டது. அவளுடைய ஆங்கிலம் கடையில் வாங்கவும் பஸ்ஸில் ஏறவும் பழகிய ஆங்கிலம். அன்று அது வழமையைவிட உரத்துக் கேட்டது.

"நோ, நோ! வெரி ஸ்ட்ரோங் கபேர்ட். வெரி சேஃப். மை கோல்ட் ஓல்சோ இன்சைட்!"

நான் எழும்பிவிட்டேன். ஆனால் எங்கே போவதென்று தெரியாமல் திரும்ப இருந்தேன்.

கதவு திறந்தது. முதலில் மனைவி வந்தாள், முகத்தில் பெருமை. பின்னால் அதிகாரி, கையில் பாதி தின்ற ரோல். மனைவி நேராக மாதா படத்திடம் போய், அதைத் தூக்கி, பின்பக்க அட்டைக்குள்ளிருந்து திறப்புகளை எடுத்தாள். அவள் சனிக்கிழமை தவறாமல் வீட்டிலுள்ள படங்களை எல்லாம் இறக்கித் துடைப்பவள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மூவரும் மேலே போனோம். அவளே அலுமாரியைத் திறந்தாள். கீழே என் துப்பாக்கி, உறைக்குள். நான் குண்டுகளைக் கிளப்பிலேயே வாங்கி அங்கேயே முடித்துவிடுவேன். அதனால் குண்டு வைப்பதற்கென்று மேலே இருந்த உள்பெட்டியை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அவள் அதைத் திறந்தாள். சிவப்பு வெல்வெட் பெட்டிகள், அப்டன் பார்க் நகைக்கடைப் பைகளோடு, நேர்த்தியாக அடுக்கியிருந்தன. ஒரு மூலையில் நப்தலின் உருண்டைகூடப் போட்டிருந்தாள்.

"சீ?" என்றாள் அதிகாரியிடம். "நோ தீஃப்."

அதிகாரி சிறிது நேரம் பெட்டிகளைப் பார்த்தார். கையிலிருந்த ரோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை முடித்துவிட்டு, கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். பிறகு என்னிடம் அமைதியாகச் சொன்னார். அலுமாரியில் குறையில்லை. திறப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. என் மனைவி தவறானவர் என்று அர்த்தமில்லை. ஆனால் இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறதோ அப்போதிலிருந்து அந்தத் துப்பாக்கி பூட்டப்படவில்லை என்றுதான் அவர் கருத வேண்டும். இப்போதைக்குத் துப்பாக்கியை அவர் கொண்டுபோக வேண்டும். முடிவு பிறகு சொல்வார்கள். நான் என் விளக்கத்தைக் கொடுக்கலாம்.

மனைவிக்கு முழுதும் விளங்கவில்லை. "என்னவாம்? என்னவாமப்பா?" என்று என் சட்டையைப் பிடித்தாள். "நகையையும் கொண்டு போகப் போறாவோ?"

"இல்லை. துவக்கை மட்டும்."

"ஏன்? நான் என்ன பிழையாச் சொன்னனான்? பத்திரம் எண்டுதானே சொன்னனான்?"

அதிகாரி போகும்போது ரோல்ஸுக்கு நன்றி சொன்னார். தெருவில் அவர் துப்பாக்கி உறையைக் காரில் வைப்பதை எதிர்வீட்டுக்காரர் திரை விலக்கிப் பார்த்தார்.

அன்று நான் மனைவியைக் கேட்டது ஒன்றுதான். "நீர் ஏன் அதை எடுத்தனீர்?"

"நீங்கள் ஏன் அதை மாதாவுக்குப் பின்னால ஒளிச்சனீங்கள்?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை செய்தியைச் செயலாளரிடம் சொன்னேன். அவர் கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்கள் பளபளத்தன. "இதுதான்! இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? ஒரு குற்றமும் செய்யாத மனிதன். மனைவி கழுத்துச் சங்கிலியைப் பூட்டி வைத்தாள் என்பதற்காக அவனுடைய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருக்காவிட்டால் இது நடந்திருக்குமா? எம்.பியிடம் நீ இதைச் சொல். நாங்கள் உனக்கு வக்கீல் பிடித்துத் தருகிறோம். துப்பாக்கியைத் திருப்பி எடுக்கிறோம்."

"மனைவி துப்பாக்கியைத் தொட்டதேயில்லை என்று சொல்ல வேண்டும்" என்றார் பிளம்பர். "அவளுக்குத் துப்பாக்கி என்றால் ஒரு பொருட்டே இல்லை, அலுமாரிக்குள் இருக்கிற விளக்குமாறு மாதிரி. அப்படிச் சொல்."

எனக்காக அவ்வளவு பேர் பேசியது அதுதான் முதல் தடவை. துப்பாக்கி திரும்பி வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தக் கொட்டகை இல்லாவிட்டால் நான் கவுண்டரும் வீடுமாகத் திரும்பப் போய்விடுவேன். ஆகவே பேசுவதென்று முடிவு செய்தேன். இரண்டு வசனங்களை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்தேன். வாடிக்கையாளர் இல்லாத நேரம் கவுண்டரில் நின்று முணுமுணுத்தேன்.

நூலகத்துக்குப் போக வேண்டிய சனிக்கிழமை காலை, மனைவி வழமைபோலப் படங்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெளிக்கிட்டு, கண்ணாடி முன்னால் வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். "என் மனைவிக்கு வீட்டில் துப்பாக்கி இருப்பது ஒரு பொருட்டே இல்லை" என்பது அதில் முதல் வசனம். அவளுக்கு விளங்காது என்று நினைத்தேன். அவளுக்கு விளங்கியது.

"ஆர் சொன்னது?" என்றாள், துணியைக் கையில் வைத்தபடி.

"என்ன?"

"அந்தப் பொம்பிளை என்னட்டை என்ன கேட்டவ எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை."

நான் கண்ணாடியை விட்டுத் திரும்பினேன்.

"உனக்கு இந்த வீட்டில எப்பவாவது பயமா இருந்ததோ எண்டு கேட்டவ. நான் கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடி என்னட்டை ஒருத்தரும் கேட்டதில்லை. அங்கயும் கேக்கேல்லை, இஞ்சயும் கேக்கேல்லை. பிறகு இல்லை எண்டு சொன்னன். உங்களுக்காகச் சொன்னன்."

"பயமா இருந்ததோ?"

"நீங்கள் அதைக் கொண்டு வந்த நாள் தொடக்கம் நான் அந்த அறைக்க உடுப்புக் காயப்போடப் போறேல்லை. நீங்கள் கவனிச்சனீங்களோ? ஹோலில ஹீற்றருக்கு மேலதான் போட்டனான். படம் துடைக்கேக்க திறப்பு விழுந்தது. எடுத்துக்கொண்டு மேல போய்த் திறந்து பார்த்தன். நிண்டு பார்த்தன். துவக்கு அப்பிடியே நிண்டது. பிறகு நகையைக் கொண்டுபோய் மேல வைச்சன். அதுக்குப் பிறகு அது என்ர நகை அலுமாரி. உங்கட துவக்கு அதுக்குள்ள ஒரு மூலையில நிக்குது, அவ்வளவுதான். அண்டைக்குத்தான் நித்திரை வந்தது."

"களவுக்குப் பயந்து வைச்சதெண்டு நினைச்சன்."

"களவுக்கும்தான்" என்றாள். மாதா படத்தைத் திரும்ப ஆணியில் மாட்டி, சரிவு பார்த்தாள். "போங்கோ, உங்கட கிளப் ஆள் கார் கொண்டு வந்திட்டார்."

நூலகத்தில் குழந்தைகள் புத்தகப் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. எம்.பி ஒரு பெண். களைத்த முகம், ஆனால் கேட்கிற ஆள். செயலாளர் நன்றாகப் பேசினார். கிளப்பின் வரலாற்றைச் சொன்னார், அங்கே வந்து திருந்திய இளைஞர்களைச் சொன்னார், சட்டத்தை மதிப்பவர்களையே சட்டம் துரத்துகிறது என்றார். பிளம்பர் தன் பங்குக்குச் சொன்னார். பிறகு செயலாளர் என்னைக் காட்டி, "இவருக்கு நடந்ததை இவரே சொல்வார்" என்றார்.

மனப்பாடம் செய்த வசனம் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் எனக்கு வக்கீல் வருவார், ஒருவேளை துப்பாக்கியும் வரும். நான் மேசையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன். "அந்த அதிகாரி என் மனைவியிடம் பயமா என்று கேட்டார். நான் கேட்டதில்லை. கேட்டது நல்லது. மற்றபடி இவர்கள் சொன்னது சரி. புதியவர்கள் வந்து சுட்டுப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வியை நிறுத்தச் சொல்ல எனக்கு ஏலாது."

பிளம்பர் மேற்கூரையைப் பார்த்தார். எம்.பி ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி என்றார். செயலாளரும் எனக்கு நன்றி என்றார். வெள்ளைக்காரர் அப்படி நன்றி சொன்னால் அது எங்களை எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது காரில் வானொலி மட்டும் பேசியது. இறங்கும்போதுதான் செயலாளர் வாய் திறந்தார். "அதை எங்களிடம் முதலில் சொல்லியிருக்கலாம்."

"எனக்கும் இன்று காலைதான் தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்தார்.

வக்கீல் பேச்சு பிறகு எழவில்லை. நான் என் விளக்கத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. கொஞ்சக்காலம் செவ்வாய்க்கிழமைகளில் நான் வீட்டிலேயே இருந்தேன். மனைவி எனக்குப் பிடித்த மீன் குழம்பை அந்த நாட்களில் வைத்தாள். மச்சான் போனில், "மச்சான், ஆயுதத்தை ஒப்படைச்சிட்டீராம்! இனிப் பேச்சுவார்த்தைதான்" என்று சிரித்தார். அதற்கு நானும் உண்மையாகவே சிரித்தேன்.

செயலாளர் பால் வாங்க வருவது மட்டும் நிற்கவில்லை. கார்டைத் தட்டினார், போனார். மழையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நான் சிரித்துப் பார்த்தேன். ஒரு காலை அவர் கதவுவரை போய்த் திரும்பி வந்தார்.

"நூலகத்தில் என்ன நடந்தது என்று என் மனைவி கேட்டாள். சொன்னேன்" என்றார். "உன்னையும் உன் மனைவியையும் தேநீருக்குக் கூப்பிடச் சொல்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்."

"சரி" என்றேன்.

"நீ சொன்னது பிழை என்றுதான் நான் இன்னும் நினைக்கிறேன்."

"தெரியும்."

"கிளப் துப்பாக்கியால் சுட உனக்கு லைசென்ஸ் தேவையில்லை. நீ இன்னும் அங்கத்தவன்தான். செவ்வாய்க்கிழமை நாலாவது பாய் சும்மா கிடக்கிறது." அவர் பாலை எடுக்க மறந்துவிட்டுப் போனார். நான் வெளியே ஓடிக் கொடுத்தேன்.

இப்போது திரும்பவும் போகிறேன். பிளம்பர் முன்புபோல் என்னோடு பேசுவதில்லை. அங்கே அது பெரிதாகத் தெரிவதில்லை. கிளப் துப்பாக்கி என் தோளுக்குப் பொருந்தாது. குண்டு கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது. என் அட்டைகளை யாரும் இப்போது மற்றவர்களுக்குக் காட்டுவதில்லை. சட்டத்தைப் பற்றிய விவாதம் தேநீர் மேசையில் இன்னும் முடியவில்லை. என்னைப் பார்த்ததும் குரலைக் கொஞ்சம் தணிக்கிறார்கள்.

மேல்மாடியில் அலுமாரி அப்படியே இருக்கிறது. அதைக் கழற்றுவோமா என்று கேட்டதற்கு மனைவி வேண்டாம் என்றாள். துப்பாக்கி நின்ற இடத்தில் இப்போது அவளுடைய கூறைச்சேலை ஒரு பையில் தொங்குகிறது. அந்த அறையில் திரும்பவும் உடுப்புக் காய்கிறது. இரண்டு சோடித் திறப்பும் அவளிடம். எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கலியாண வீடுகளுக்கு வெளிக்கிடும்போது அவள் அலுமாரியைத் திறக்கப் போவாள். நான் கீழே இறங்கி, அவள் பூட்டும் சத்தம் கேட்கும்வரை முன் அறையில் இருப்பேன்.